லட்ச ரூபாய் ரேஸ் சஸ்பென்ஷன்... வீட்டுக் காருக்குத் தேவையா?

2022 ஜூன் மாதம். அஜர்பைஜானின் தலைநகர் பாக்கூவில் ஃபார்முலா 1 பந்தயம் அப்போதுதான் முடிந்திருந்தது. கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. நான்காவதாக வந்த காரிலிருந்து ஓட்டுநர் இறங்க வேண்டும். ஆனால், அவரால் சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. மெதுவாகக் காரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இடுப்பில் கைவைத்தபடி தள்ளாடி இறங்கினார். பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். அவர் புதுமுகம் இல்லை. ஏழு முறை உலக சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன். அப்போது அவருக்கு வயது 37.

எந்த விபத்தும் நடக்கவில்லை. பந்தயம் முழுக்கக் கார் குதித்த குதியில் முதுகு நொந்துபோயிருந்தது, அவ்வளவுதான். உலகத்திலேயே அதிகம் செலவு செய்து உருவாக்கப்படும் கார்களில் ஒன்று அது. அதில் இருந்த சஸ்பென்ஷனும் சாதாரணமானது அல்ல. அப்படியிருந்தும் உட்கார்ந்திருந்தவரின் இடுப்பை அதனால் காப்பாற்ற முடியவில்லை. காரணம், அதன் வேலை அது இல்லை!

'ரேஸ் கார்ல போடற சஸ்பென்ஷன் சார்... போட்டுப் பாருங்க, வண்டி மிதக்கும்' என்று யாராவது சொன்னால், பர்ஸைத் திறக்கும் முன் இந்தக் காட்சியை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

ஆசை எங்கே ஆரம்பிக்கிறது?

கார் வாங்கிய புதிதில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். மூன்று நான்கு வருடங்கள் ஓடிய பிறகு, பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்று ஒரு சத்தம். வளைவில் திரும்பும்போது வண்டி ஒருபக்கமாகச் சாய்கிறது. பின் சீட்டில் உட்கார்ந்த அம்மா, 'மெதுவா போப்பா, இடுப்பு போகுது' என்கிறார். மகன் யூடியூபில் தேடுகிறான். தங்க நிறத்தில் மின்னும் ஸ்வீடன் நாட்டு ஓலின்ஸ், மஞ்சளும் நீலமுமாக ஜெர்மனியின் பில்ஸ்டீன், ஜப்பானின் டெய்ன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வீடியோக்கள் வருகின்றன. விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஆரம்ப ரகமே ஒரு லட்சத்தைத் தொட்டுவிடும். பெயர் பெற்ற நிறுவனங்களின் செட் என்றால், இறக்குமதி வரியெல்லாம் சேர்த்துச் சில லட்சங்கள். முழுக்கப் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்டவற்றின் விலையில் ஒரு புது ஹேட்ச்பேக் காரையே வாங்கிவிடலாம்.

'பாதுகாப்புக்குத்தானே செலவு பண்றோம்' என்று மனசு சமாதானம் சொல்லும். அது எந்த அளவுக்கு உண்மை? அதைத் தெரிந்துகொள்ள, காருக்கு அடியில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.

அதிர்ச்சியைத் தாங்குவது யார்?

'ஷாக் அப்சார்பர்' என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுப் பெயர்தான். பள்ளத்தின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது டயர். அடுத்தது ஸ்பிரிங். காரின் எடையைத் தாங்கி நிற்பதும் ஸ்பிரிங்தான். ஆனால், அமுக்கப்பட்ட ஸ்பிரிங் சும்மா இருக்காது. வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கும். தனியாக விட்டால் கார் அலையில் அகப்பட்ட படகு மாதிரி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அதனால்தான் பொறியாளர்கள் அதை 'டேம்பர்' என்கிறார்கள்.

உள்ளே இருப்பது ஒரு குழாய், எண்ணெய், சிறு துளைகள் கொண்ட பிஸ்டன். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கிச் செல்ல வேண்டும். ஊசி போட்ட சிரிஞ்சை வேகமாக அழுத்தினால் எப்படி எதிர்த்து நிற்குமோ, அப்படி எதிர்க்கும். ஆட்டத்தின் சக்தி எண்ணெயில் வெப்பமாக மாறி வெளியேறிவிடும்.

பெரும்பாலான குடும்பக் கார்களில் இருப்பது குழாய்க்குள் குழாய் வைத்த ரகம். விலை குறைவு, சொகுசு அதிகம், பல வருடம் உழைக்கும். ஆனால், தொடர்ந்து கடுமையாக ஓட்டினால் எண்ணெய் சூடாகி நுரைத்துவிடும். நுரைத்த எண்ணெய்க்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. விலை உயர்ந்தவற்றில் பெரும்பாலும் ஒற்றைக் குழாய். எண்ணெய் ஒருபக்கம், உயர் அழுத்த நைட்ரஜன் வாயு மறுபக்கம், நடுவில் மிதக்கும் ஒரு பிஸ்டன். எண்ணெய் சுலபத்தில் நுரைக்காது. வெப்பமும் குழாயின் சுவர் வழியே நேராக வெளியேறும். இருபது நிமிடம் இடைவிடாமல் விரட்டினாலும் முதல் சுற்றில் இருந்த அதே உறுதி கடைசிச் சுற்றிலும் இருக்கும்.

கொடுக்கும் பணம் முக்கியமாக இந்த மாறாத உறுதிக்குத்தான். கேள்வி ஒன்றே ஒன்று: அந்த மாதிரி இருபது நிமிடம் நம் வாழ்க்கையில் வருகிறதா?

ரேஸ் கார் ஏன் இறுக்கமாக இருக்கிறது?

ஒரு காரை அமுக்கிவிட்டால், அது ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பதை வைத்து சஸ்பென்ஷனின் இறுக்கத்தை அளக்கலாம். குடும்பக் கார்களில் இது நொடிக்கு 1 முதல் 1.5 முறை. அதாவது, நாம் நிதானமாக நடக்கும் தாளத்துக்கு நெருக்கமாக இருக்கும். அதனால்தான் அந்த ஆட்டம் உடம்புக்கு உறுத்துவதில்லை. பந்தய செடான்களில் இது 2 வரை போகும். காற்றின் அழுத்தத்தால் தரையோடு ஒட்டி ஓடும் அதிவேகப் பந்தயக் கார்களில் 3, 5, அதற்கு மேலும்கூட!

உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேல்கீழ் அதிர்வை மிக அதிகமாக உணர்வது நொடிக்கு 4 முதல் 8 முறை என்ற எல்லைக்குள்தான். சஸ்பென்ஷனை இறுக்க இறுக்க, காரின் ஆட்டம் உடம்பு வெறுக்கும் எல்லையை நோக்கி நகர்கிறது.

அப்படியானால் பந்தயக்காரர்கள் ஏன் இறுக்குகிறார்கள்? வளைவில் கார் சாயச் சாய, டயர் சாலையைத் தொடும் கோணம் மாறும், பிடிப்பு குறையும். பிரேக் அடித்தால் மூக்கு குத்தும். காற்றழுத்தத்தை நம்பி ஓடும் கார்களுக்கு, தரைக்கும் காருக்கும் இடையிலான இடைவெளி சில மில்லிமீட்டர் மாறினாலே கணக்குத் தப்பிவிடும். 2022-ல் ஃபார்முலா 1 விதிகள் மாறி, காரின் அடிப்பகுதியால் தரையோடு உறிஞ்சிக்கொள்ளும் வடிவமைப்பு வந்தது. அதற்காகக் கார்களை ரொம்பத் தாழ்வாக, ரொம்ப இறுக்கமாக வைத்தார்கள். வேகம் கூடக்கூடக் கார் தரையை நோக்கி இறங்கும், ஓர் எல்லையில் உறிஞ்சல் அறுந்து மேலே எழும்பும், மறுபடி இறங்கும். இந்தக் குதியல்தான் ஹாமில்டனின் முதுகைப் பதம் பார்த்தது. ஓட்டுநர்களின் உடல்நலம் கருதி, கார் எவ்வளவு குதிக்கலாம் என்பதற்கு அதே வருடம் சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ வரம்பு விதித்தது.

பந்தயத்தில் சொகுசை விற்று நொடிகளை வாங்குகிறார்கள். அவர்களுக்கு அது லாபம். திருச்சியிலிருந்து மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்துக்கு?

ஒரே ஊர், இரண்டு உலகம்

சென்னைக்கு வெளியே பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை இந்த வித்தியாசத்துக்கு நல்ல உதாரணம். 1990-ல் திறக்கப்பட்ட மெட்ராஸ் பந்தயத் தளம் அங்கேதான் இருக்கிறது. 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். அதே ஊரில்தான் ஹூண்டாயின் தொழிற்சாலையும் இருக்கிறது. ஒருபக்கம் நொடியில் ஒரு பங்கைக் குறைக்கப் போராடும் கார்கள். மறுபக்கம் தாத்தா, பாட்டி, பேரக்குழந்தை எல்லோரும் ஏறிப் போகும் கார்கள்.

பந்தயத் தளத்தில் பள்ளம் கிடையாது, வேகத்தடை கிடையாது, மாடு குறுக்கே வராது. சாலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ப சஸ்பென்ஷனைத் திருகி வைக்கலாம். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் அப்படித்தான். நம் வீட்டுக் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காலையில் மேம்பாலம், மாலையில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய தெரு, ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலுக்குப் போகும் மண் பாதை. ஒருநாள் தனியாக, மறுநாள் ஐந்து பேரோடும் டிக்கி நிறையச் சாமான்களோடும். இத்தனைக்கும் ஒரே அமைப்பில் ஈடுகொடுக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனங்கள் நம் சாலைகளில் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துத்தான் அந்த சமரசத்துக்கு வருகின்றன. 'கம்பெனி சஸ்பென்ஷன்' என்று அலட்சியமாகச் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு அது.

வேகத்தடை வைக்கும் பரீட்சை

'காயில்ஓவர்' என்று கடைகளில் சொல்கிறார்களே, அது டேம்பரைச் சுற்றி ஸ்பிரிங்கைப் பொருத்தி, மறையைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கொண்ட அமைப்பு. வாங்கும் பலர் முதலில் செய்வது, காரைத் தாழ்த்துவதுதான். பார்க்க அழகாக இருக்கும், மறுப்பதற்கில்லை.

ஆனால், நம் ஹேட்ச்பேக்குகளின் அடிப்பகுதி பெரும்பாலும் தரையிலிருந்து 160 முதல் 180 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 40 மில்லிமீட்டர் தாழ்த்தினால் 120 முதல் 140. ஆட்கள் ஏறினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். இந்தியச் சாலை காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக, மெதுவாக ஏறி இறங்க வேண்டும். நம் தெருமுனைகளில் இருப்பவற்றை அளவுகோல் வைத்துக் கட்டியதாகத் தோன்றவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்ற வேண்டியிருக்கும்.

அதோடு, சஸ்பென்ஷன் அமுங்குவதற்கான இடமும் குறைந்துவிடும். பள்ளத்தில் விழும்போது முழுக்க அமுங்கி இரும்பு இடித்தால், அந்த அடி நேராகக் காரின் உடலுக்கும் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புக்கும் போகும்.

திருகத் தெரிந்தவருக்கே திருகு

விலை உயர்ந்தவற்றில் டேம்பரின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகள் இருக்கும். அமுங்கும்போது ஒன்று, விரியும்போது ஒன்று. இன்னும் விலை கூடினால், மெதுவாக அமுங்க ஒன்று, வேகமாக அமுங்க ஒன்று. இங்கே 'வேகம்' என்பது காரின் வேகம் அல்ல, பிஸ்டனின் வேகம். 30 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் பிஸ்டன் வேகமாகத்தான் போகும். பெரிய வளைவில் 100-ல் போகும்போது அது மெதுவாகத்தான் நகரும். இந்த அடிப்படை பிடிபடாமல் திருகினால், இருந்ததும் போச்சு என்று ஆகிவிடும்.

பந்தய அணிகளில் இதற்கென்றே பொறியாளர் இருப்பார். சென்சார்கள் இருக்கும். ஒவ்வொரு சுற்றும் பதிவாகும். வீட்டில், போர்ட்டிகோவில் குந்தி உட்கார்ந்து 'ரெண்டு கிளிக் கூட்டிப் பார்ப்போம்' என்பது விளையாட்டாக இருக்கலாம், பாதுகாப்பு ஆகாது. விரியும் பக்கம் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால், அடுத்தடுத்த மேடுகளில் சக்கரம் கீழே வர நேரம் கிடைக்காது. டயர் சாலையைச் சரியாக அழுத்தாத அந்த நொடிகளில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பாதி பலத்தில்தான் வேலை செய்யும்.

வாங்கிய பிறகு வரும் பில்

பெட்டியில் போட்ட விலை ஆரம்பம் மட்டுமே. பொருத்துக் கூலி, வீல் அலைன்மென்ட் எல்லாம் தனி. பந்தய ரகங்களில் மேல்முனையில் ரப்பருக்குப் பதில் உலோக மூட்டு இருக்கும். துல்லியம் கூடும்; ஆனால், தூசியும் மழைத்தண்ணீரும் புகுந்தால் சீக்கிரமே 'கடகட' என்று பேச ஆரம்பித்துவிடும். பந்தயத்தில் டேம்பர்களை அவ்வப்போது பிரித்து, எண்ணெயும் சீலும் மாற்றி, வாயு நிரப்பிக் கொடுப்பார்கள். அதற்குக் கருவியும் கைப்பழக்கமும் உள்ள கடை எல்லா ஊரிலும் இருக்காது. தெருமுனை மெக்கானிக் செய்கிற வேலை இல்லை அது.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க முடியும். அதே அளவில், அதே வேலைக்கு உதிரிபாகம் மாற்றுவது வேறு. காரின் உயரத்தையும் அமைப்பையும் மாற்றுவது வேறு. வாரண்டி, இன்ஷூரன்ஸ் இரண்டிலும் சிக்கல் வரலாம். விபத்துக்குப் பிறகு சர்வேயர் குனிந்து பார்க்கும்போது தெரிந்துகொள்வதைவிட, ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் யாருக்குத்தான் அது?

விலை உயர்ந்த சஸ்பென்ஷன் வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வருடத்தில் பல நாள் பந்தயத் தளத்தில் ஓட்டுபவர்களுக்கு அது செலவு இல்லை, கருவி. தச்சருக்கு உளி மாதிரி. ராலி ஓட்டுபவர்களுக்கும் அப்படியே. ராலி காரின் சஸ்பென்ஷன் தாழ்வாக இருக்காது. கல்லிலும் குழியிலும் விழுந்து எழ நீண்ட இடம் விட்டு, உயரமாக நிற்கும். 'ரேஸ் ரகம்' என்றாலே இறுக்கம் என்பது தவறு. எந்தச் சாலைக்கு எது பொருந்துமோ அதுதான் உயர்ந்த ரகம்.

நல்ல நிறுவனத்தின், சாலைக்கென்றே வடிவமைத்த டேம்பர்கள், காரின் அசல் உயரத்தில் பொருத்தப்பட்டால் நெடுஞ்சாலையில் வித்தியாசம் தெரியும். மேடு தாண்டியதும் கார் ஒரே மூச்சில் அடங்கும். மலைப்பாதையில் நம்பிக்கை வரும். காசுக்கேற்ற தோசைதான். எதுவுமே போடாததைவிட மோசம், பிரபலமானவற்றின் சாயலில் வரும் மலிவு காயில்ஓவர்கள். ஸ்பிரிங் இறுக்கமாக இருக்கும். அதை அடக்கும் தரம் டேம்பரில் இருக்காது. ரேஸ் காரின் வலியும் பழைய காரின் ஆட்டமும் சேர்ந்தே கிடைக்கும்!

இரண்டு லட்சத்தை எப்படிச் செலவழிக்கலாம்?

ஒரு குடும்பம் காரின் ஓட்டத்தை மேம்படுத்த இரண்டு லட்சம் ஒதுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது டயர். ஒரு டன் எடையுள்ள கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். தேய்ந்த டயரோடு தங்க நிற டேம்பரைப் போடுவது, ஓட்டைச் செருப்புக்குப் பட்டு வார் தைப்பதுபோல. சாதாரண ஹேட்ச்பேக்குக்கு நான்கு தரமான டயர்கள் முப்பதாயிரத்துக்குள் முடிந்துவிடும்.

அடுத்து, பழைய ஷாக் அப்சார்பர்களுக்குப் பதில் அதே அளவிலான அசல் உதிரிபாகம் அல்லது நல்ல நிறுவனத்தின் மாற்று. மேல் மவுண்ட், புஷ் ஆகியவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். 'டொக்' சத்தத்துக்குப் பாதி நேரம் காரணம் சில நூறு ரூபாய் ரப்பர் புஷ்தான். கடைசியில் அலைன்மென்ட். எல்லாம் சேர்ந்தாலும் ஒதுக்கிய பணத்தில் பாதிகூடச் செலவாகாது. வண்டி புதுசாக வாங்கிய நாளில் ஓடியதுபோல ஓடும். பல பேர் தேடுவது அந்த ஓட்டத்தைத்தான். அது போய்விட்டதை உணராமல் ரேஸ் சஸ்பென்ஷனில் அதைத் தேடுகிறார்கள்.

வேகத்தின் மீது உண்மையான காதல் இருக்கும் இளைஞர் என்றால், மீதிப் பணத்தில் பந்தயத் தளத்தில் நடக்கும் பயிற்சிக்குப் போகலாம். அங்கே கற்றுக்கொண்டது எந்தக் காருக்கு மாறினாலும் கூடவே வரும்.

நீங்களே பரிசோதிக்கலாம்

* காரின் ஒவ்வொரு மூலையையும் பலமாக அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
* ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். லேசான தூசிப் படலம் பிரச்னை இல்லை. ஈரமாக வழிந்தால் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.
* டயரைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் டேம்பர் தளர்ந்திருக்கலாம்.
* பிரேக் அடித்தால் மூக்கு அதிகமாகக் குத்துகிறதா, பலத்த காற்றில் வண்டி அலைகிறதா என்று கவனியுங்கள்.
* 50,000 கிலோமீட்டர் தாண்டினால் சர்வீஸின்போது சஸ்பென்ஷனைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றும்போது இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ரேஸ் காரை அளக்க ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. குடும்பக் காரை அளக்க அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. சென்னையில் கிளம்பி திண்டிவனம் தாண்டும்போது, கண்ணாடியில் பின் சீட்டைப் பாருங்கள். முதுகுவலிக்காரரான அம்மா, ஜன்னலில் தலைசாய்த்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தால், உங்கள் சஸ்பென்ஷன் முதல் பரிசு வாங்கிவிட்டது!